புதிய கெர்னலும் களத்துப் பலகையும்

உள்ளங்கையில் அடங்கும் கணினிப் பலகைகள் இன்று நம் நாட்டில் பல துறைகளின் அன்றாடப் பணியில் இடம் பெற்றுவிட்டன. மழையளவு நிலையம், ஆற்று நீர்மட்டக் கருவி, பள்ளி ஆய்வுக்கூடம் ஆகிய இடங்களில் அவை இரவு பகல் பாராது உழைக்கின்றன. இவற்றுள் சற்றுத் திறன் மிக்க வகையைச் சேர்ந்தவற்றைப் பெரும்பாலும் இயக்குவது லினக்ஸ் என்னும் இயக்க முறைமையாகும். அம்முறைமையின் உட்கருவாக விளங்கும் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். செயலியின் நேரத்தைப் பல வேலைகளுக்குப் பங்கிடுதல், நினைவகத்தை ஒதுக்குதல், உணரிகளோடும் சேமிப்பு அட்டையோடும் தொடர்பு கொள்ளுதல் ஆகிய கடமைகள் யாவும் கெர்னலைச் சார்ந்தவை.

கெர்னல் ஓயாது வளர்ந்து வரும் ஒன்று. ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒரு முறை அதன் புதிய பதிப்பு வெளிவருகிறது. பழைய பதிப்பில் ஒழுங்காக இயங்கிய பலகை, புதிய பதிப்பை ஏற்றியதும் வாய் திறவாது நின்றுவிடுவது உண்டு; எழுந்து நின்றும் உணரியின் அளவைத் தர மறுப்பதும் உண்டு. அந்நிலையில் இருவகைப் பழக்கங்கள் காணப்படுகின்றன. ஒரு சாரார் பழைய கெர்னலை மீண்டும் ஏற்றி, இனி ஒருபோதும் அதைத் தொடுவதில்லை என்று உறுதி பூணுகின்றனர். மற்றொரு சாரார் அட்டையை முற்றிலும் அழித்து யாவற்றையும் முதலிலிருந்து நிறுவுகின்றனர். இரண்டிலும் பழுது மறைகிறதேயன்றி அறியப்படுவதில்லை. பழுதின் இடத்தைக் கண்டறியும் முறையைக் களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் கற்பிக்க வேண்டும் என்பதும், அதற்கு வேண்டிய சாதனங்களைப் பலகையை வாங்கும்போதே கேட்டுப் பெற வேண்டும் என்பதும் இங்கு வற்புறுத்தப்படும் கருத்தாகும்.

ஔந்தும் மலைச்சிற்றூரும்

புனே நகரின் வடமேற்கில் முளா ஆற்றை ஒட்டி அமைந்தது ஔந்த் என்னும் பகுதி. அதன் அண்மையில் கணேஷ்கிண்டில் சாவித்திரிபாய் புலே புனே பல்கலைக்கழகம் இருக்கிறது. 1988 இல் தொடங்கப்பெற்று, 1991 இல் பரம் 8000 என்னும் மீக்கணினியை நாட்டுக்கு அளித்த சி-டாக் நிறுவனத்தின் தலைமையிடமும் புனே நகரமே. ஔந்திலேயே அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றும் உண்டு. இத்தகைய சூழலில் ஒரு பலகை எழ மறுத்தால் விவரம் அறிந்தவரை அணுகிக் கேட்பது எளிது. மாற்றுப் பலகையும் நகரத்துக் கடையில் கிடைத்துவிடும்.

அதே பலகை முள்ஷி, போர் முதலிய வட்டங்களின் மலைச்சிற்றூர் ஒன்றில் மழைமானியோடு இணைக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். சகியாத்திரி மலையில் பருவமழை கொட்டும் காலத்தில் அங்கே சென்று சேர்வதே அரிது. ஔந்தில் மேசைமேல் ஒரு மணி நேரத்தில் தீரும் பழுது, அங்கே ஒரு பருவத்தின் பதிவையே விழுங்கிவிடக்கூடும். 2024 ஜூலை 25 அன்று பெய்த கனமழையாலும் கடக்வாஸ்லா அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீராலும் புனே நகரில் முத்தா ஆற்றங்கரைக் குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்தது. மலைமீது பெய்யும் மழையின் அளவு காலத்தே கிடைப்பதன் பயனை இத்தகைய நாட்கள் நமக்கு உணர்த்துகின்றன. அளவு கிடையாத நாளை மறுபடி அளக்க இயலாது. ஆதலின் பழுதறியும் திறமை தலைமை அலுவலகத்தில் மட்டும் இருந்தால் போதாது. பலகை இருக்கும் இடத்திலும் அது இருத்தல் வேண்டும்.

பழுது எப்படியில் நிகழ்ந்தது?

பலகை உயிர்பெறுவது படிப்படியாக நடைபெறும் ஒரு செயல். முதற்கண் மின்சாரம் வருகிறது. அடுத்துத் துவக்கி என்னும் சிறு நிரல் எழுந்து, அட்டையிலிருந்து கெர்னலை நினைவகத்தில் ஏற்றுகிறது. மூன்றாவதாகக் கெர்னல் எழுந்து பலகையிலுள்ள உறுப்புகளை இனங்காண்கிறது. நான்காவதாக, மற்ற நிரல்கள் யாவும் தங்கியுள்ள மூலக் கோப்பகத்தைத் திறக்கிறது. ஐந்தாவதாக, உணரிகளுக்குரிய இயக்கி நிரல்கள் இணைக்கப்படுகின்றன. இறுதியாக நாம் எழுதிய பயன்பாட்டு நிரல் தொடங்குகிறது. ‘பலகை வேலை செய்யவில்லை’ என்னும் ஒரே புகாருக்கு இந்த ஆறு படிகளில் எதுவும் காரணமாகலாம். எனவே முதலில் எழ வேண்டிய கேள்வி, ‘எந்தப் படிவரை வந்து நின்றது?’ என்பதாகும்.

முதற்படியைப் பலரும் சோதிப்பதில்லை. கெர்னலை மாற்றிய அன்றே பழுது தோன்றியதால் கெர்னலே குற்றவாளி என்று முடிவு கட்டிவிடுகின்றனர். புதிய கெர்னல் செயலியை முன்னிலும் விரைவாக இயங்கச் செய்து, அதனால் மின்னோட்டத் தேவை கூடியிருக்கலாம். அதுவரை தட்டுத் தடுமாறி ஈடுகொடுத்த மின்வழங்கி இப்போது தோற்றுப்போகலாம். ராஸ்பெரி பை வகைப் பலகைகள் மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை எழுப்புகின்றன. ஒரு பன்மானியால் அரை நிமிடத்தில் அறியக்கூடிய இதை விட்டுவிட்டு நாள் முழுதும் நிரலை ஆராய்வது வீண் உழைப்பாகும்.

அடுத்த படிகளைக் காண்பதற்கு ஒரு கண் தேவை. அக்கண் சீரியல் முனையாகும். பலகையில் அனுப்பும் முனை, பெறும் முனை, தரை முனை ஆகிய மூன்று இடங்களில் கம்பிகளை இணைத்து, சில நூறு ரூபாய் பெறும் ஒரு மாற்றி வழியாக மடிக்கணினியோடு சேர்த்தால், துவக்கியும் கெர்னலும் எழும்போது உரைக்கும் ஒவ்வொரு வரியையும் படிக்கலாம். பெரும்பாலான பலகைகளில் இதன் வேகம் வினாடிக்கு 115200 பிட்டு. பலகையின் முனைகள் 3.3 வோல்ட்டில் இயங்குபவையாயின் மாற்றியும் அதே அழுத்தத்ததாக இருத்தல் வேண்டும். 5 வோல்ட் மாற்றியை இணைத்தால் பலகையே கெடக்கூடும். வரிகள் எவ்விடத்தில் நின்றனவோ அவ்விடமே பழுதின் வாயில்.

மூன்று பாடங்கள்

மெய்யாக நிகழ்ந்த மூன்று மாற்றங்களை எடுத்துக்கொள்வோம். இவை மூன்றும் உலகெங்கும் பல்லாயிரம் பலகைகளைத் தொட்டவை.

முதலாவது, பீகிள்போன் வகைப் பலகைகளைப் பற்றியது. அவற்றின் செயலியிலுள்ள சீரியல் முனைகளுக்குப் பழைய இயக்கி ‘டிடிஒய்-ஓ’ என்று தொடங்கும் பெயரை வைத்திருந்தது. பின்னர் வந்த பொது இயக்கி அதே முனைகளை ‘டிடிஒய்-எஸ்’ என்று அழைத்தது. துவக்கியின் அமைப்பில் பழைய பெயர் அப்படியே இருந்துவிட்டால், கெர்னல் தன் செய்திகளை இல்லாத முனைக்கு அனுப்ப முயலும். திரையில் ஒரு வரியும் தோன்றாது. பார்ப்பவர் பலகை இறந்துவிட்டதாக எண்ணுவார். ஆனால் அது உள்ளே நலமாக இயங்கிக்கொண்டிருக்கக்கூடும். பிணைய விளக்கு சிமிட்டுகிறதா, பலகையின் முகவரிக்கு மறுமொழி வருகிறதா என்று பார்த்தால் உண்மை விளங்கும். பேசாத பலகை யாவும் இயங்காத பலகை அல்ல என்பது இதன் பாடம்.

இரண்டாவது, டிவைஸ் ட்ரீ எனப்படும் கருவி விவரக் கோப்பைப் பற்றியது. முற்காலத்தில் ஒவ்வொரு பலகையின் உறுப்புகளைப் பற்றிய விவரமும் கெர்னலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. இம்முறையால் கெர்னல் அளவுமீறிப் பெருத்ததால், உறுப்புகளின் பட்டியலைத் தனிக் கோப்பாகப் பிரித்து, துவக்கி அதைக் கெர்னலிடம் ஒப்படைக்கும் வழக்கம் ஏற்பட்டது. ராஸ்பெரி பை பலகைகளில் 2015 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 3.18 ஆம் பதிப்போடு இம்முறை இயல்பான அமைப்பாயிற்று. அதன் விளைவாக, இரு கம்பிகளில் உணரிகளை இணைக்கும் ஐ-ஸ்கொயர்-சி முனை, கேட்டாலன்றித் திறக்கப்படாது என்றாயிற்று. வெப்பமானியும் அழுத்தமானியும் ஒரே நாளில் மௌனமாயின. தீர்வோ துவக்க அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி. உணரி கெட்டதென்று எண்ணிப் புதிய உணரி வாங்குவோருக்கு அதுவும் மௌனமாகவே இருக்கும். புதிய கெர்னலோடு பழைய விவரக் கோப்பை இணைத்து வைப்பதாலும் இத்தகைய குழப்பம் நேரும். கெர்னல், விவரக் கோப்பு, இயக்கிகள் ஆகிய மூன்றும் ஒரே தொகுதியைச் சேர்ந்தவையாக இருத்தல் நலம்.

மூன்றாவது, ஆசிரியர்களை நேரே தாக்கியது. விளக்கை எரியவிடுதல், மின்காந்தத் தொடரியை இயக்குதல் ஆகிய பயிற்சிகளுக்குப் பலகையின் முனைகளை எண்ணால் அழைக்கும் ஒரு பழைய வழி உண்டு. 17 ஆம் முனை வேண்டுமெனில் 17 என்று எழுதினால் போதும். கெர்னலில் முனைகளுக்கு எண் வழங்கும் விதி பின்னர் மாறியது. 2024 மார்ச்சில் ராஸ்பெரி பை இயக்க முறைமை 6.6 ஆம் கெர்னலுக்கு மாறியபோது, நான்காம் தலைமுறைப் பலகையில் எண் வரிசை 0 இலிருந்து தொடங்காமல் 512 இலிருந்து தொடங்கியது. எனவே 17 என்று எழுதிய பழைய நிரல் பிழையுரைத்தது. அதே முனைக்கு இப்போது 529 என்று எழுத வேண்டியிருந்தது. 529 என்று திருத்திவிட்டால் பயிற்சி நடைபெறும். ஆயின் அடுத்த பதிப்பில் அவ்வெண் மீண்டும் மாறாது என்பதற்கு உறுதியில்லை. மேலும், 2016 இல் வந்த 4.8 ஆம் பதிப்பிலேயே எண்ணுக்குப் பதிலாகத் தொகுதியையும் முனையையும் குறிப்பிட்டுக் கேட்கும் புதிய வழி அமைக்கப்பட்டு, பழைய வழி கைவிடத்தக்கது என்று அறிவிக்கப்பட்டிருந்தது. எட்டு ஆண்டுக் கால எச்சரிக்கை நம் பயிற்சிக் கையேடுகளை எட்டவில்லை என்பதே இங்கு உண்மையான பழுது.

பாதியாகப் பிரித்தல்

மேற்கூறிய மூன்றிலும் காரணம் பிறரால் முன்பே கண்டறியப்பட்டது. முற்றிலும் புதிய பழுதாயின் செய்வது யாது? இங்குக் கணித ஆசிரியர்கள் மகிழத்தக்க ஒரு முறை உள்ளது. இரண்டு அடுத்தடுத்த பதிப்புகளுக்கிடையே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு மாற்றங்கள் நிகழ்ந்திருக்கும். பழையது நன்று, புதியது தீது என்று தெரிந்தால், நடுவிலுள்ள ஒரு மாற்றத்தை எடுத்துச் சோதிக்க வேண்டும். அது நன்றாயின் பிழை பிற்பாதியில் உள்ளது. தீதாயின் முற்பாதியில் உள்ளது. இவ்வாறு பாதி பாதியாகப் பிரித்தால் 16,384 மாற்றங்களுள் குற்றமுள்ள ஒன்றைப் பதினான்கே சோதனைகளில் கண்டுவிடலாம். இரண்டைப் பதினான்கு முறை பெருக்கினால் வரும் எண் அது. கிட் என்னும் பதிப்புக் காப்புக் கருவியில் இம்முறை ஆயத்தமாகவே அமைந்துள்ளது.

களப்பணியாளர் ஒவ்வொருவரும் கெர்னலைத் தொகுத்துப் பதினான்கு முறை சோதிக்க வேண்டும் என்பதன்று. ஆனால் இதன் அடிப்படைக் கருத்து எவருக்கும் உரியது. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுதல், மாற்றியதை எழுதுதல், நன்றென அறிந்த நிலைக்கும் தீதென அறிந்த நிலைக்கும் இடையே தேடுதல் ஆகிய மூன்றும் அறிவியல் முறையின் அரிச்சுவடியாகும். கெர்னல், மின்வழங்கி, அட்டை, நிரல் ஆகிய நான்கையும் ஒரே மாலையில் மாற்றிவிட்டுப் பலகை எழுந்ததென்று மகிழ்பவர் எதனால் எழுந்தது என்பதைச் சொல்ல இயலாது. அடுத்த ஊரில் அதே பழுது வரும்போது அவருடைய அனுபவம் எவருக்கும் உதவாது.

பழையதே போதாதா?

‘இயங்குவதை ஏன் தொட வேண்டும்? பழைய கெர்னலே இருக்கட்டுமே’ என்று கேட்பவர்கள் உண்டு. இக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. பருவமழை நடுவே, மாற்று ஏற்பாடு இன்றிக் களத்துப் பலகையின் கெர்னலை மாற்றுவது அறிவுடைமையாகாது. பழுது நேர்ந்த இரவில் பழைய கெர்னலுக்குத் திரும்பிப் பதிவைக் காப்பாற்றுவதும் முறையே. ஆயின் பழைய கெர்னல் ஒதுங்குவதற்கு ஏற்ற திண்ணையே தவிர, குடியிருக்கும் வீடாகாது.

காரணங்கள் இரண்டு. ஒன்று, பழைய பதிப்புகளுக்குரிய பாதுகாப்புத் திருத்தங்கள் ஒரு காலத்தோடு நின்றுவிடுகின்றன. நெடுங்காலப் பராமரிப்புக்கென்று தேர்ந்த பதிப்புகளுக்குச் சில காலம் ஆறு ஆண்டுகள் வரை திருத்தங்கள் வழங்கப்பட்டன. 2018 இல் வந்த 4.19 ஆம் பதிப்புக்கு அவை 2024 டிசம்பரோடு முடிந்தன. இனி இயல்பான காலம் இரண்டு ஆண்டுகளாகக் குறைக்கப்படும் என்று 2023 இல் அறிவிக்கப்பட்டது. தேவை கருதிச் சில பதிப்புகளுக்குக் காலத்தை நீட்டிப்பதும் உண்டு. பத்தாண்டு உழைக்கும் என்று வாங்கப்பட்ட பலகைக்கு ஒருமுறையேனும் கெர்னலை மாற்ற வேண்டிய நிலை வரும் என்பது இதனால் தெளிவு.

மற்றொன்று, காலக் கணக்கைப் பற்றியது. 1970 ஜனவரி 1 முதல் கடந்த வினாடிகளை 32 பிட்டில் எண்ணும் முறை, 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு மேல் எண்ண இயலாது. அதற்குப் பின் அத்தகைய கருவியின் நாட்காட்டி 1901 ஆம் ஆண்டுக்குப் பின்வாங்கிவிடும். 32 பிட் பலகைகள் அந்நாளைக் கடப்பதற்கு வேண்டிய அமைப்பு, 2020 மார்ச்சில் வெளியான 5.6 ஆம் பதிப்பில்தான் நிறைவு பெற்றது. அதன்மேல் இயங்கும் நிரல்களும் அதற்கேற்பத் தொகுக்கப்பட்டிருத்தல் வேண்டும். இன்று மலைமீது நடப்படும் மழைமானி அந்நாளில் உயிரோடிருக்கக்கூடும். அதன் பதிவேட்டில் நாள் தவறினால் மழையும் தவறியதாகவே முடியும்.

வாங்கும்போதே கேட்க வேண்டியவை

பழுதறியும் கலை வெறும் அறிவுரையால் வளராது. அதற்குரிய சாதனங்கள் கையில் இருத்தல் வேண்டும். ஆகவே பலகைகளை வாங்கும் அலுவலகங்கள் ஒப்பந்தப் புள்ளியிலேயே நான்கு நிபந்தனைகளைச் சேர்ப்பது நலம்.

முதலாவது, கருவியின் பெட்டியைத் திறந்தால் கைக்கெட்டும்படி சீரியல் முனை இருக்க வேண்டும். அதற்கேற்ற மாற்றியும் உடன் வழங்கப்பட வேண்டும். இரண்டாவது, அட்டையில் பழைய கெர்னல் அழிக்கப்படாது காக்கப்பட்டு, புதியது எழத் தவறினால் பழையது தானாக எழும் அமைப்பு வேண்டும். இவ்வசதி பல துவக்கிகளில் ஏற்கெனவே உள்ளது; அதை இயக்கிவைப்பார் இல்லை என்பதே குறை. மூன்றாவது, கெர்னலின் மூல நிரலும், அதன் தொகுப்பு அமைப்பும், கருவி விவரக் கோப்பும் அலுவலகத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டும். இதைச் சலுகையாகக் கருத வேண்டுவதில்லை. லினக்ஸ் கெர்னல் ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பு என்னும் உரிமத்தின்கீழ் வழங்கப்படுவது. தொகுத்த கெர்னலைத் தருபவர் அதன் மூல நிரலையும் தரக் கடமைப்பட்டவர். திறந்த மூல மென்பொருளைப் பின்பற்றும் கொள்கையை 2015 இல் அறிவித்த மத்திய அரசின் அலுவலகங்கள் இவ்வுரிமையைக் கேட்டுப் பெறுதல் பொருத்தமே. மூல நிரல் இன்றித் தொகுத்த இயக்கியை மட்டும் பெற்றால், கெர்னல் பதிப்பு மாறிய அன்றே அது ஒட்டாது போகும். ஏனெனில் கெர்னலின் உள்ளமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறும் இயல்புடையது. நான்காவது, ஒவ்வொரு பலகைக்கும் ஒரு பழுதேடு வேண்டும். நாள், கெர்னல் பதிப்பு, கடைசியாகத் தோன்றிய வரி, செய்த மாற்றம், விளைவு ஆகிய ஐந்தையும் அதில் எழுதினால் போதும்.

இந்நிபந்தனைகளால் விலை கூடும் என்று அஞ்சுவோர், மலையேறிச் செல்லும் ஒரு பயணத்தின் செலவோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக.

ஆசிரியரின் பங்கு

2016 இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வுக்கூடத் திட்டத்தின்கீழ்ப் பத்தாயிரம் பள்ளிகளில் ஆய்வுக்கூடங்கள் அமைந்துள்ளன. மேலும் 50,000 ஆய்வுக்கூடங்கள் ஐந்தாண்டுகளில் அமைக்கப்படும் என்று 2025–26 ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. இவ்விடங்களில் விளக்கு எரிந்தால் வெற்றி, எரியாவிட்டால் தோல்வி என்று மாணவர் எண்ணுவது இயல்பு. எரியாத விளக்கே சிறந்த பாடம் என்பதை அவர்களுக்கு உணர்த்துவது ஆசிரியரின் கடமை. வேண்டுமென்றே ஒரு கம்பியைக் கழற்றியோ, துவக்க அமைப்பில் ஒரு வரியை நீக்கியோ வைத்துவிட்டு, எந்தப் படியில் நின்றது என்று மாணவரைக் கண்டறியச் செய்யலாம். மாணவர் தேடிய வழியை ஏட்டில் எழுதச் செய்து, விடைக்கு மட்டுமன்றி அவ்வழிக்கும் மதிப்பெண் வழங்கலாம்.

இப்பயிற்சியின் பயன் பள்ளியோடு நின்றுவிடுவதன்று. சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்த சக்தி வகைச் செயலியில் 2018 இல் லினக்ஸ் எழுந்தது. திருவனந்தபுரம் சி-டாக் மையத்தில் வேகா வகைச் செயலிகள் உருவாயின. இம்முயற்சிகளை ஊக்குவிக்கும் பொருட்டு 2022 இல் மத்திய அரசு ரிஸ்க்-ஃபைவ் செயலித் திட்டத்தை அறிவித்தது. நம் நாட்டுச் செயலி புதிய பலகையில் ஏறும் ஒவ்வொரு முறையும், அதற்கான கெர்னலை எழச் செய்து, நின்ற இடத்தைக் கண்டு திருத்தும் கைகள் பல தேவைப்படும். அக்கைகள் ஔந்தின் தொழிற்பயிற்சி நிலையத்திலும் உருவாகலாம். மலைச்சிற்றூர்ப் பள்ளியிலும் உருவாகலாம்.

புதிய கெர்னலைக் கண்டு அஞ்சுவதும் வேண்டா. ஆராயாது ஏற்பதும் வேண்டா. அடுத்த பருவமழைக்கு முன்னர், தம் பொறுப்பிலுள்ள ஒரே ஒரு பலகைக்கேனும் சீரியல் கம்பியை இணைத்து, அது எழும்போது உரைக்கும் வரிகளை முதலிலிருந்து முடிவுவரை படித்து ஏட்டில் பதித்து வைக்குமாறு களப்பணியாளர்களையும் ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறோம். நலமாக இருக்கும் நாளில் அது என்ன உரைத்தது என்று அறிந்தவருக்கே, நலங்கெட்ட நாளில் எவ்வரி குறைகிறது என்று சொல்ல இயலும்.